நாய்க்குட்டிப் பயிற்சி: கடித்தலும் கழிவுப் பழக்கமும்

நாய்க்குட்டிப் பயிற்சி என்பது, வீட்டில் வளர்க்கப்படும் நாய்க்குட்டிக்கு மனிதர்களோடு சேர்ந்து வாழத் தேவையான பழக்கங்களைக் கற்பிக்கும் முறையாகும். கூப்பிட்டால் வருதல், உட்காருதல், கயிற்றோடு நடத்தல் முதலிய பலவும் இதில் அடங்கும். எனினும் குட்டி வீட்டுக்கு வந்த முதல் சில மாதங்களில் பெரும்பாலான வீடுகளில் தலைவலியாக நிற்பவை இரண்டே. ஒன்று, கையையும் காலையும் கடிப்பது. மற்றொன்று, வீட்டுக்குள்ளேயே சிறுநீரும் மலமும் கழிப்பது. இக்கட்டுரை இவ்விரண்டையும் விளக்குகிறது.

இவை குட்டியின் குணக்கேடுகள் அல்ல. பல்லும் சிறுநீர்ப்பையும் வளர்ந்து முடியாத பருவத்தின் உடல் நிலைகள் ஆகும். வயது ஏறும்போது இரண்டுமே தணியக் கூடியவை. ஆனால் அதுவரை பொறுக்க முடியாத வீடுகளில், நான்கைந்து மாதக் குட்டி கொல்லைப்புறச் சங்கிலிக்குப் போய்விடுகிறது. அல்லது சாக்குப்பையில் கட்டி எடுத்துச் செல்லப்பட்டு ஊருக்கு வெளியே விடப்படுகிறது. அந்தக் குட்டிகளில் பலவற்றுக்கு இன்னும் எட்டு, பத்து வாரங்கள் மட்டுமே தேவைப்பட்டிருக்கும்.

பல்லும் சிறுநீர்ப்பையும்

நாய்க்குட்டி பல் இல்லாமல் பிறக்கிறது. மூன்றாம் வாரம் அளவில் பால்பற்கள் முளைக்கத் தொடங்கி, மொத்தம் 28 பற்கள் வருகின்றன. இவை ஊசிபோல் கூரானவை. நான்காம் மாதம் அளவில் இவை விழத் தொடங்கி, ஆறு அல்லது ஏழாம் மாதத்திற்குள் 42 நிலைப்பற்கள் வந்துவிடுகின்றன. இந்த இடைக்காலத்தில் ஈறு உறுத்துவதால், செருப்பு, நாற்காலிக் கால், மின்கம்பி என்று வாய்க்கு எட்டிய எல்லாவற்றையும் குட்டி மெல்லும். விழும் பால்பற்களைப் பெரும்பாலும் விழுங்கிவிடும். தரையில் அரிசிபோல ஒரு பல்லும், மென்ற துணியில் சிறிது இரத்தக் கறையும் தென்பட்டால் அஞ்ச வேண்டியதில்லை.

சிறுநீர்ப்பையின் கதை வேறு. பிறந்த முதல் இரண்டு மூன்று வாரங்களுக்குத் தாய் நக்கிவிட்டால்தான் குட்டியால் கழிக்க முடியும். அக்கழிவையும் தாயே நக்கிச் சுத்தம் செய்துவிடுகிறது. அதன் பிறகு குட்டி தட்டுத்தடுமாறி நடந்து, படுக்கையை விட்டுச் சற்று விலகிக் கழிக்கத் தொடங்குகிறது. படுக்கும் இடத்தை அழுக்காக்காத இந்த இயல்பே கழிவுப் பயிற்சி முழுவதற்கும் அடித்தளம் ஆகும். எட்டாம் வாரத்தை ஒட்டி, எந்தத் தரையில் கழிப்பது என்ற விருப்பமும் உருவாகிறது. மண்ணில் பழகிய பாதம் மண்ணையும், சிமெண்டில் பழகிய பாதம் சிமெண்டையும் தேடும். கம்பிக் கூண்டுக்குள்ளேயே நாளெல்லாம் அடைபட்டு, படுத்த இடத்திலேயே கழித்து வளர்ந்த குட்டிகளுக்கு இவ்வியல்பு மங்கியிருக்கும். அவற்றைப் பழக்கக் கூடுதல் நாள் பிடிக்கும்.

குட்டியை எந்த வயதில் வாங்குவது என்பதும் இங்கே முக்கியம். ஒரே ஈற்றில் பிறந்த குட்டிகள் ஒன்றையொன்று கடித்து விளையாடும்போது, கடி அழுத்தமாக விழுந்தால் கடிபட்ட குட்டி கத்திவிட்டு விலகிப் போய்விடும். தாயும் உறுமி எழுந்துவிடும். இப்படித்தான் தன் பல்லின் அளவைக் குட்டி அறிந்துகொள்கிறது. ஸ்காட், ஃபுல்லர் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் 1965-இல் வெளியிட்ட நாய் நடத்தை பற்றிய நூலில், ஏறத்தாழ மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரையிலான காலத்தைச் சமூகப் பழக்கத்துக்கான முக்கியப் பருவமாகக் காட்டினர். முப்பது நாளில் பிரிக்கப்பட்ட குட்டி அந்தப் பள்ளியில் பாதியில் நிறுத்தப்பட்ட மாணவன் போன்றது. இந்தியாவில் 2017-ஆம் ஆண்டின் நாய் இனப்பெருக்க, விற்பனை விதிகள் எட்டு வாரத்திற்குக் குறைந்த குட்டிகளை விற்கக் கூடாது என்கின்றன. ஆனாலும் கண் திறந்து சில நாட்களே ஆன குட்டிகள் அட்டைப்பெட்டியில் விற்கப்படுவதைச் சந்தைகளில் காணலாம்.

குட்டி எவ்வாறு கற்கிறது

ஆசிரியர் பயிற்சி பெற்றவர்கள் எல்லோருக்கும் பாவ்லாவின் நாய் தெரியும். இவான் பாவ்லாவ் 1904-இல் நோபல் பரிசு பெற்றது செரிமானம் பற்றிய ஆய்வுக்காக. உணவு கொண்டுவருபவரின் காலடியோசைக்கே நாய் உமிழ்நீர் சுரந்ததிலிருந்துதான் ஆக்கநிலையிறுத்தக் கோட்பாடு வளர்ந்தது. எட்வர்டு தார்ண்டைக் 1898-இல் பூனைகளைப் புதிர்ப்பெட்டியில் அடைத்து ஆராய்ந்து, நல்ல விளைவைத் தரும் செயல் திரும்பத் திரும்பச் செய்யப்படும் என்ற விளைவு விதியை வகுத்தார். பின்னாளில் அவரே இவ்விதியைத் திருத்தி, பரிசு பழக்கத்தை வலுப்படுத்தும் அளவுக்குத் தண்டனை பழக்கத்தை அழிப்பதில்லை என்றார். முதற்பகுதியைத் தேர்வுக்குப் படித்துவிட்டு, திருத்தத்தை மறந்துவிட்டு வகுப்பறைக்குள் பிரம்போடு நுழைந்த தலைமுறை எங்களுடையது. வீட்டு நாயிடமும் அப்படியே நுழைந்தோம்.

ஸ்கின்னரின் ஆய்வுகளிலிருந்து இன்னொரு செய்தியும் வேண்டும். ஒரு செயலுக்கு எப்போதும் பலன் கிடைத்து வந்து, பிறகு அடியோடு நின்றுபோனால் அச்செயல் மறையும். எப்போதாவது பலன் கிடைத்துக்கொண்டே இருந்தால் அச்செயல் மிக உறுதியாக நிலைத்துவிடும். வீட்டில் ஐந்து பேர் கடியைத் தடுக்க, தாத்தா மட்டும் மாலையில் துண்டை ஆட்டிக் கடிக்கவிட்டு மகிழ்ந்தால், அந்த வீட்டில் கடி நிற்காததற்குக் காரணம் இதுதான்.

குட்டிக்குக் காலத் தொடர்பு மிகக் குறுகியது. செயல் நடந்த ஓரிரு நொடிகளுக்குள் வரும் பரிசையும் கண்டிப்பையும் மட்டுமே அது அச்செயலோடு சேர்த்துப் பார்க்கும். காலையில் சமையலறையில் பெய்த சிறுநீருக்கு மாலையில் விழும் அடியை, அடிப்பவரோடுதான் அது சேர்த்துக்கொள்ளும்.

கடித்தல்

குழந்தை கையால் தொட்டு உலகை அறிவதுபோல் குட்டி வாயால் அறிகிறது. எனவே கடிப்பதை ஒரே நாளில் நிறுத்த முடியாது. கடிக்கத் தக்கது எது, தகாதது எது என்று பிரித்துக் காட்டுவதே பயிற்சியாகும். முதலில் கடியின் அழுத்தத்தைக் குறைத்து, பிறகு கடியையே நிறுத்த வேண்டும் என்ற படிமுறையை இயான் டன்பார் என்னும் கால்நடை மருத்துவர் பரப்பினார். இது நல்ல முறையே. ஆனால் சிறு பிள்ளைகளும் முதியவர்களும் உள்ள வீட்டில், முதல் நாளிலிருந்தே தோலின்மேல் பல் படக் கூடாது என்று வைத்துக்கொள்வது எளிது என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சர்க்கரை நோய் உள்ள பெரியவரின் காலில் விழும் சிறு கீறலும் சிறு காரியமல்ல.

குட்டி கடித்தவுடன் கையை வெடுக்கென்று இழுக்கக் கூடாது. ஓடும் பொருளைத் துரத்துவது நாயின் இயல்பாகையால், இழுத்த கை அதற்கு எலியாகிவிடும். கையை அப்படியே அசையாமல் வைத்து, தாழ்ந்த குரலில் ஒரு சொல் மட்டும் சொல்லி, எழுந்து முதுகைத் திருப்பி நிற்க வேண்டும். இருபது நொடி போதும். பிறகு ஒன்றும் நடக்காததுபோல் விளையாட்டைத் தொடரலாம். மறுபடி கடித்தால் மறுபடி எழ வேண்டும். காலைத் துரத்திக் கடித்தால், கதவுக்கோ தடுப்புப் பலகைக்கோ மறுபுறம் போய்விட வேண்டும். குட்டிக்கு மிகப் பிடித்தது நம் கவனமே. கடித்தால் அது போய்விடுகிறது என்பதுதான் பாடம். ஒரே மாலையில் இதை இருபது முறை செய்ய நேரும். மூன்றாம் நாளில் கடி குறையாமல் சற்றுக் கூடவும் செய்யலாம். பலன் கிடைக்காமல் போன பழக்கம் மறைவதற்கு முன் ஒருமுறை ஓங்கும் என்பது அறியப்பட்ட ஒன்று. பெரும்பாலானோர் கைவிடுவது இந்த இடத்தில்தான்.

கடிபட்டதும் குட்டியைப்போல் கீச்சிட்டுக் கத்த வேண்டும் என்ற அறிவுரையும் உண்டு. சில குட்டிகள் அதைக் கேட்டு நிற்கும். சில குட்டிகளோ மேலும் கிளர்ச்சியடைந்து பாயும். இரண்டு முறை செய்து பார்த்தால் நம் குட்டி எந்த வகை என்று தெரிந்துவிடும்.

கடிக்கக் கூடாததைக் காட்டினால் மட்டும் போதாது. கடிக்கத் தக்கதைக் கையருகே வைத்திருக்கவும் வேண்டும். கெட்டியான ரப்பர் பொம்மை, முடிச்சிட்டு நனைத்துக் குளிரூட்டிய கனத்த துணி ஆகியவை ஈற்றுக்கு இதமானவை. துணியைக் கண்முன் மட்டும் கொடுக்க வேண்டும். கிழித்து விழுங்கினால் குடலை அடைத்துக்கொள்ளும். தேங்காய் நாருக்கும் இதே எச்சரிக்கை பொருந்தும். சமைத்த எலும்பு சிம்புகளாக உடையும். ஆகவே அது கூடவே கூடாது. பழைய செருப்பைக் கொடுப்பவர்கள், நாயின் கண்ணுக்குப் புதிய செருப்பும் செருப்புதான் என்பதை நினைவில் கொள்ளவும்.

மாலை ஆறு மணிக்கு மேல் சில குட்டிகள் பேய் பிடித்ததுபோல் ஓடி, எதிர்ப்பட்டவரையெல்லாம் கடிக்கும். விளையாட்டுப் போதவில்லை என்று எண்ணி மேலும் ஓடவிடுவார்கள். உண்மையில் அது தூக்கக் கலக்கம். இவ்வயதில் குட்டி நாளொன்றுக்கு 18 மணி நேரத்துக்குக் குறையாமல் உறங்க வேண்டும். வருவோர் போவோர் எல்லாம் தூக்கிக் கொஞ்சும் வீட்டில் அது கிடைப்பதில்லை. முதல் வகுப்புக் குழந்தைகள் கடைசிப் பாடவேளையில் ஏன் சண்டையிடுகின்றன என்பதை அறிந்த ஆசிரியருக்கு இதை விளக்கத் தேவையில்லை. வெளிச்சம் குறைந்த மூலையில் சாக்கு விரித்துப் படுக்கவைத்தால் பத்து நிமிடத்தில் உறங்கிவிடும்.

பிள்ளைகள் உள்ள வீட்டில் முதலில் பயிற்சி தேவைப்படுவது பிள்ளைகளுக்கே. அவர்கள் ஓடினால் குட்டி துரத்தும்; அலறினால் பாயும்; பாவாடையின் விளிம்பு ஆடினால் கவ்வும். மரம்போல் அசையாமல், கைகளை மடக்கி, கூரையைப் பார்த்து நிற்கும் விளையாட்டைக் கற்றுக்கொடுத்தால் குட்டி சலித்து அகலும். இக்கட்டுரையாளரின் ஏழு வயதுப் பேத்தி இதை இரண்டு நாளில் கற்றாள். குட்டிக்கு மூன்று வாரம் ஆனது. எவ்வளவு சாதுவான குட்டியானாலும் சிறு பிள்ளையோடு தனியே விடக் கூடாது.

இனத்துக்கேற்ற வேறுபாடும் உண்டு. சிப்பிப்பாறை, கன்னி ஆகியவை பார்வையால் துரத்தி வேட்டையாட வளர்க்கப்பட்ட இனங்கள் என்பதால், ஓடும் காலைக் கவ்வும் ஆசை அவற்றின் குட்டிகளுக்கு மிகுதி. ராஜபாளையம் நாய்களில் பிறவிச் செவிட்டுத்தன்மை காணப்படுகிறது. வெள்ளைக் குட்டி ஒன்று எத்தனை முறை சொல்லியும் கேட்காமல் கடிக்கிறது என்றால், அது பிடிவாதமாக இல்லாமலும் இருக்கலாம். அது உறங்கும்போது பின்னால் நின்று தட்டு ஒன்றைத் தட்டிப் பார்க்கலாம். காது கேளாத குட்டியையும் கைச் சைகையால் நன்றாகப் பழக்க முடியும்.

சொற்களைப் பற்றி ஒன்று. நாயிடம் ஆங்கிலத்தில்தான் பேச வேண்டும் என்று யார் வைத்தார்களோ தெரியவில்லை. சிட், கம், நோ என்பவை தமிழறியாத நாய்க்குப் புரிவதைவிட, உட்கார், வா, விடு என்பவை எவ்விதத்திலும் குறைவாகப் புரிவதில்லை. எந்த மொழியானாலும் வீட்டார் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். குட்டியின் பெயரைச் சொல்லித் திட்டக் கூடாது. பெயர் கேட்டதும் ஓடி வரவேண்டிய நாய், பெயர் கேட்டதும் ஓடி ஒளியும்.

உணவுத் தட்டருகே உடல் விறைத்து, அசையாமல் வெறித்துப் பார்த்து உறுமுவது விளையாட்டுக் கடி அன்று. அப்போது உறுமலுக்காக அடித்தால், உறுமலை விட்டுவிட்டு நேரே கடிக்கக் கற்றுக்கொள்ளும். தட்டைப் பிடுங்காமல், அருகே போகும்போதெல்லாம் அதைவிட நல்ல துண்டு ஒன்றைப் போட்டுவிட்டு நகர்ந்தால், மனிதர் வருவது நட்டமல்ல என்று அது அறியும்.

கடி காயமும் வெறிநாய்க்கடி நோயும்

வீட்டுக் குட்டிதானே என்று பல் கீறலை அலட்சியம் செய்வது நம்மிடையே மிகச் சாதாரணம். ரேபிஸ் எனப்படும் வெறிநாய்க்கடி நோய் குட்டிகளுக்கும் வரும்; அறிகுறி தோன்றிய பின் மனிதரைக் காப்பாற்றுவது ஏறக்குறைய இயலாது. குட்டிக்கு இந்நோய்க்கான முதல் தடுப்பூசி வழக்கமாக மூன்றாம் மாதத்தில்தான் போடப்படுகிறது. தெருவில் பிறந்து, எந்த நாய் எப்போது கடித்தது என்று தெரியாத குட்டியை எடுத்து வளர்ப்போர், அதற்கு முந்தைய வாரங்களில் தனிக் கவனத்துடன் இருக்க வேண்டும்.

பல் பட்டுத் தோல் கீறினாலோ, கிழிந்தாலோ, உடனே ஓடும் நீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவ வேண்டும். 15 நிமிடம் என்பது நாம் நினைப்பதைவிட நீண்ட நேரம். கடிகாரத்தைப் பார்த்துக் கழுவுவது நல்லது. சுண்ணாம்பு, மஞ்சள், மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதையும் வைக்கக் கூடாது. அன்றே மருத்துவரிடம் காட்ட வேண்டும். தடுப்பூசி தேவையா, காயத்தைச் சுற்றி எதிர்ப்புப் புரத ஊசியும் வேண்டுமா என்பதை அவர் முடிவு செய்வார். தமிழ்நாட்டில் அரசு மருத்துவமனைகளிலும் ஆரம்ப சுகாதார நிலையங்களிலும் இத்தடுப்பூசி இலவசமாகப் போடப்படுகிறது. தொப்புளைச் சுற்றிப் பதினான்கு ஊசி என்ற அச்சம் பழைய காலத்து மருந்தைப் பற்றியது. அது இந்தியாவில் கைவிடப்பட்டுப் பல ஆண்டுகள் ஆகின்றன. இப்போது கையில்தான், சில தவணைகளாகப் போடுகிறார்கள். 1907-இல் தொடங்கப்பட்ட குன்னூர் பாஸ்டர் நிறுவனம் இத்தடுப்பூசிப் பணியில் நீண்ட வரலாறு கொண்டது. பிள்ளைகள் அடிக்குப் பயந்து கடியை மறைப்பார்கள். அவர்கள் தயங்காமல் சொல்லும்படி வீடு இருக்க வேண்டும். உயிர் போகும் செய்தி இது.

கழிவுப் பழக்கம்

குட்டி எத்தனை மணி நேரம் அடக்கும் என்பதற்கு ஒரு கைக்கணக்கு உண்டு. வயது எத்தனை மாதமோ, அதோடு ஒன்றைக் கூட்டினால் வருவது அதிகபட்ச மணி நேரம். இரண்டு மாதக் குட்டிக்கு மூன்று மணி. நான்கு மாதக் குட்டிக்கு ஐந்து மணி. இது உறங்கும்போது பொருந்தும் கணக்கு. விழித்து விளையாடும் குட்டிக்கு முக்கால் மணி நேரம்கூடத் தாங்காது.

நேரங்களை ஊகிக்க வேண்டியதே இல்லை, அவை ஏறத்தாழ நிலையானவை. உறங்கி எழுந்தவுடன், உண்ட ஐந்து முதல் முப்பது நிமிடத்துக்குள், விளையாட்டு முடிந்தவுடன், இரவு படுக்கும் முன். இடையே தரையை முகர்ந்து வட்டமிட்டாலோ, விளையாட்டை விட்டுவிட்டுத் திடீரென்று அறை மூலைக்குப் போனாலோ தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதுதான். எப்போதும் ஒரே இடத்துக்கு, ஒரே வழியாகக் கொண்டுபோக வேண்டும். அங்கே விளையாடாமல், பேசாமல் நிற்க வேண்டும். கழித்து முடிக்கும் அந்த நொடியில் மெல்லப் பாராட்டி, சுண்டுவிரல் நகமளவு வேகவைத்த கோழித்துண்டையோ வேறு விருப்பமான தீனியையோ அங்கேயே கொடுக்க வேண்டும். வீட்டுக்குள் வந்தபின் கொடுத்தால், வீட்டுக்குள் வந்ததற்கான பரிசாகிவிடும். கழித்தவுடன் உள்ளே தூக்கி வருவதும் தவறு. வெளியே இருக்கும் இன்பம் கழித்ததும் முடிந்துவிடுகிறது என்று கண்டால், குட்டி வெளியே அடக்கிக்கொண்டு, உள்ளே வந்து கழிக்கும். இரண்டு நிமிடம் விளையாடவிட்டுத் திரும்புவது நல்லது.

பரிசுத் தீனியில் சாக்லேட், உலர்திராட்சை, வெங்காயம் சேர்ந்தவை கூடா. இவை நாய்க்கு நஞ்சு. பாயசத்தில் மிஞ்சியதைக் குட்டிக்கு ஊற்றும் வழக்கத்தில் திராட்சையும் சேர்ந்தே போய்விடுகிறது.

கண்காணிக்க முடியாத நேரத்தில் வீடு முழுவதும் திரியவிடக் கூடாது. படுத்துத் திரும்ப மட்டும் இடமுள்ள சிறு தடுப்புக்குள், அதன் படுக்கையோடு விடலாம். படுக்குமிடத்தை அழுக்காக்காத இயல்பு அங்கே உதவும். ஆனால் மேற்சொன்ன மணிக்கணக்கைத் தாண்டி அடைத்துவைத்தால், வேறு வழியின்றி அங்கேயே கழித்து அந்த இயல்பையே இழக்கும். வீட்டார் அனைவரும் காலை எட்டுக்குப் போய் மாலை ஆறுக்குத் திரும்பும் வீட்டில் இரண்டு மாதக் குட்டி வளர்ப்பது நடக்காத காரியம். பகலில் வந்து பார்க்க ஒருவர் வேண்டும், அல்லது வளர்ந்த நாயை எடுத்துக்கொள்ள வேண்டும்.

இரவில் குட்டியின் படுக்கை மனிதர் படுக்கும் அறையில் இருந்தால், அது முனகுவது காதில் விழும். முதல் மாதம் ஒருமுறையேனும் நள்ளிரவில் எழ நேரிடும். விளக்கைப் போட்டுக் கொஞ்சாமல், இருட்டிலேயே வெளியே கொண்டுபோய்த் திரும்பிப் படுக்கவைத்தால், இரவு விளையாடும் நேரமன்று என்பது பழகும். கோடையில் இரவுத் தண்ணீரை நிறுத்தக் கூடாது.

செய்தித்தாளில் பழக்குவது நம் வீடுகளில் பரவலான முறை. மாடிக் குடியிருப்புகளில் வேறு வழி இல்லாமலும் இருக்கலாம். ஆனால் தரை விருப்பம் உருவாகும் வயதில் தாளைக் காட்டினால், தாளே கழிப்பிடம் என்று பாதத்தில் பதிந்துவிடும். பாலத்தடியில் கிடந்து இக்கட்டுரையாளர் வீட்டுக்கு வந்த நாட்டுக் குட்டிக்கு அப்படித்தான் ஆனது. ஐந்து மாதம் ஆன பின்னும், படித்துவிட்டுத் தரையில் வைத்த நாளிதழ் ஒவ்வொன்றையும் அது நனைத்தது. நாளுக்கு ஒரு முழம் என்று தாளைக் கொல்லைப்புறம் நோக்கி நகர்த்தி, அங்கே தாளின் மேல் மண்ணைத் தூவி, மண்ணைக் கூட்டித் தாளைக் குறைத்து மாற்ற ஐந்து வாரம் பிடித்தது. பால்கனி உள்ளவர்கள் தொடக்கத்திலேயே அகன்ற தட்டில் மண்ணோ புல்தரைத் துண்டோ வைத்துப் பழக்கினால் இந்த வேலை மிச்சம்.

தெருவுக்குக் கொண்டுபோவதில் ஒரு சிக்கல் உண்டு. குட்டிகளைக் கொல்லும் பார்வோ நச்சுயிரி, நோயுற்ற நாயின் மலம் பட்ட மண்ணில் பல மாதங்கள் உயிர்ப்புடன் இருக்கும். ஆறு முதல் எட்டாம் வாரத்தில் தொடங்கும் தடுப்பூசித் தவணைகள் நான்காம் மாதம் அளவில் முடியும் வரை, பிற நாய்கள் கழிக்கும் இடத்தில் குட்டியை இறக்கிவிடக் கூடாது. அதற்காக வீட்டுக்குள்ளேயே பூட்டிவைத்தால் சமூகப் பழக்கத்துக்கான பருவம் வீணாகும். தோளில் தூக்கிக்கொண்டு கடைத்தெரு, பேருந்துச் சத்தம், குடை, மிதிவண்டி எல்லாவற்றையும் காட்டலாம். கழிப்பதற்குச் சொந்தக் கொல்லையே போதும்.

வடகிழக்குப் பருவமழைக் காலம் நன்றாகப் பழகிய குட்டியையும் சோதிக்கும். ஐப்பசி மழையில் ஈர மண்ணை மிதிக்க மறுத்து, கட்டிலடியில் கழித்துவிட்டு வரும். கொல்லையில் ஒரு மூலைக்குத் தார்ப்பாய் கட்டி, உலர்ந்த மணல் பரப்பி வைத்தால் போதும். தீபாவளி வெடிச்சத்தத்தில் பெய்வது அச்சத்தால். அதைப் பயிற்சிக் குறையாகக் கொள்ளக் கூடாது. அதேபோல், வீட்டுக்கு வந்தவரைக் கண்டு உடல் குழைந்து, காது மடங்கி, சொட்டுச் சொட்டாகப் பெய்வது பணிவின் அறிகுறி. அதட்டினால் இன்னும் பெய்யும். கண்ணைப் பார்க்காமல், குனிந்து தலையைத் தடவாமல் இருந்தால் வளர வளர நின்றுவிடும்.

கழித்த இடத்தைத் துடைப்பதிலும் ஒரு பாடம் உள்ளது. ஃபினாயில் நம் மூக்குக்கு நாற்றத்தை மறைக்கும். நாயின் மூக்குக்கு மறைக்காது. பழைய வாசனை இருக்கும் இடத்தை அது மறுபடி தேடிப் போகும். ஃபினாயில் பட்ட பாதத்தை நக்குவதும் நல்லதல்ல. அம்மோனியா கலந்த தூய்மிகளும் சிறுநீர் வாசனையையே ஒத்திருக்கும். நொதி கலந்த சலவைத்தூள் கரைசலால் கழுவி, வெறும் நீரால் அலசி, வெயில்படும்படி உலரவிடுவது சிறந்தது. தென்னை நார் மிதியடியும் பாயும் ஈரத்தை உறிஞ்சி வாசனையைப் பிடித்துவைப்பதால், சில மாதங்களுக்கு அவற்றைச் சுருட்டிவைப்பதே மேல்.

மூக்கைத் தேய்த்தல்

கழித்த இடத்துக்கு இழுத்துச் சென்று, மூக்கை அதில் தேய்த்து அடிக்கும் வழக்கம் ஊரெங்கும் உள்ளது. இதிலிருந்து குட்டி கற்பது, மனிதர் இருக்கும்போது கழித்தால் ஆபத்து என்பதை மட்டுமே. அதன் பிறகு நம் முன்னிலையில், கொல்லையில்கூட, அது கழிக்காது. பீரோவுக்குப் பின்னால், கட்டிலுக்கு அடியில் போய்க் கழிக்கும். திரும்பி வரும்போது நாய் தலையைத் தாழ்த்துவதைக் கண்டு, அதற்குக் குற்ற உணர்வு இருக்கிறது, தெரிந்தே செய்கிறது என்பார்கள். அது நம் முகத்தையும் குரலையும் படித்துக் காட்டும் அச்சம். கழிக்கும்போதே கண்டால், கையை ஒருமுறை தட்டிக் கவனத்தை நிறுத்தி, தூக்கிக்கொண்டு வெளியே போய், அங்கே மிச்சத்தைக் கழித்ததும் பாராட்டலாம். பிறகு கண்டுபிடித்தால் துடைப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

குட்டியை மல்லாக்கப் போட்டு அழுத்தி, நாமே தலைவர் என்று காட்ட வேண்டும் என்ற முறையும் இணையத்தில் இன்றும் உலவுகிறது. இதன் வேர், கூண்டில் அடைபட்ட ஓநாய்களைப் பற்றி ருடால்ஃப் ஷென்கல் 1947-இல் எழுதிய ஆய்வு. இக்கருத்தை 1970-இல் தம் நூலால் பரப்பியவர்களுள் ஒருவரான டேவிட் மீச், 1999-இல் காட்டு ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தந்தை, பிள்ளைகள் அடங்கிய குடும்பமே என்று விளக்கித் தம் பழைய கருத்தை மாற்றிக்கொண்டார். பள்ளியில் உடல்ரீதியான தண்டனையை 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் தடைசெய்தபோது, இனிப் பிள்ளைகள் எப்படிக் கேட்பார்கள் என்று ஆசிரியர் அறையில் பேசிக்கொண்டோம். கேட்கத்தான் செய்தார்கள்.

சங்கிலியும் கைவிடுதலும்

வீட்டுக்குள் கழிக்கிறது என்று நாள் முழுவதும் கட்டிப்போடப்பட்ட குட்டி, சங்கிலி எட்டும் இடத்தில்தான் உண்ண வேண்டும், உறங்க வேண்டும், கழிக்க வேண்டும். படுக்கையைத் தூய்மையாக வைக்கும் இயல்பு அங்கே அழிகிறது. கடிக்கிறது என்று கட்டப்பட்ட குட்டிக்கு, மனிதத் தோலின்மேல் பல்லை அளந்து பழக வாய்ப்பே கிடைப்பதில்லை. பால்பல்லோடு கட்டப்பட்டது, நிலைப்பல்லோடு அவிழ்க்கப்படும். இக்கட்டுரையாளர் குடியிருக்கும் தெருவில் அப்படி வளர்ந்த நாய் ஒன்று, சங்கிலி அறுந்த அன்று பால் கொண்டுவந்தவரின் கெண்டைக்காலைக் கவ்வியது. அதே ஈற்றைச் சேர்ந்த இன்னொரு குட்டி நான்கு வீடு தள்ளித் திண்ணையில் பிள்ளைகளோடு படுத்துக்கிடக்கிறது.

1960-ஆம் ஆண்டின் விலங்குவதைத் தடுப்புச் சட்டத்தின் 11-ஆம் பிரிவு, விலங்கை நியாயமற்ற நேரம் குறுகிய அல்லது கனத்த சங்கிலியில் கட்டிவைப்பதையும், பசியாலும் தாகத்தாலும் துன்புறும்படி கைவிடுவதையும் குற்றமாகக் கூறுகிறது. உண்மையாகவே வளர்க்க இயலாத நிலை வந்தால், ஊருக்கு வெளியே விடாமல் வேறு வளர்ப்பாளரைத் தேடித் தர வேண்டும். தடுப்பூசிச் சீட்டையும், அது எந்தச் சொல்லுக்கு வெளியே போகப் பழகியிருக்கிறது என்பதையும் சேர்த்துக் கொடுத்தால், புதிய வீட்டில் பயிற்சி முதலிலிருந்து தொடங்க வேண்டியிராது.

மருத்துவரிடம் காட்ட வேண்டியவை

பழகிய குட்டி திடீரென்று அடிக்கடி சொட்டுச் சொட்டாகப் பெய்தாலோ, பெய்யும்போது முனகினாலோ, சிறுநீரில் இரத்தம் தெரிந்தாலோ, சிறுநீர்ப் பாதைத் தொற்று இருக்கலாம். வாந்தியும் இரத்தம் கலந்த கழிச்சலும் பார்வோ நோயின் அறிகுறிகள் ஆகையால் அன்றே கொண்டுபோக வேண்டும். மலத்தில் புழு தென்பட்டால் வயதுக்கேற்ற புழுநீக்க மருந்து தேவை. ஏழு மாதத்திற்குப் பின்னும் பால்பல் விழாமல் நிலைப்பல்லோடு ஒட்டி நின்றால் மருத்துவர் அதைப் பிடுங்கிவிடுவார். ஆறாம் மாதத்திற்கு மேல் ஆண் குட்டி காலைத் தூக்கிச் சுவரிலும் கதவிலும் சிறிது சிறிதாகப் பெய்வது எல்லை குறிக்கும் செயல். அதற்குக் கழிவுப் பயிற்சியை மீண்டும் தொடங்குவதால் பயன் குறைவு. கருத்தடை அறுவை செய்வது பற்றி மருத்துவரிடம் கேட்கலாம்.